அறிக்கையில் இருந்த இன்னொரு வாக்கியம்



"அறிவியலாளர்கள் இன்று ஒன்று சொல்கிறார்கள், நாளை மாற்றிச் சொல்கிறார்கள், மக்கள் எப்படி நம்புவார்கள்?" என்று அடிக்கடி கேட்கிறோம். மாற்றிச் சொல்வதால் நம்பிக்கை போவதில்லை என்பது என் கட்சி. பிரிட்டனில் நடந்ததைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

1986 நவம்பரில் அந்நாட்டுக் கால்நடை ஆய்வகம் மாடுகளிடம் ஒரு புதிய மூளை நோயை இனங்கண்டது. மாடு மிரளும், கால் தடுமாறும், விழுந்து சாகும். பி.எஸ்.இ. என்று பெயர். கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாடுகளுக்கே தீவனமாகப் போட்டதில் பரவியது. புல் தின்னும் பிராணிக்கு இப்படியொரு தீவனம்! 1988இல்தான் தடை வந்தது.

மனிதருக்கும் வருமா? விலங்கியல் பேராசிரியர் ரிச்சர்ட் சவுத்வுட் தலைமையில் குழு அமைத்தார்கள். மனிதருக்கு ஆபத்து வர வாய்ப்பு மிகக் குறைவு என்றது அதன் 1989 அறிக்கை. எங்கள் கணிப்பு தவறாகிவிட்டால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நேர்மையான அறிவியல். ஆனால் அமைச்சகத்தைத் தாண்டி மக்களிடம் வந்தது முதல் வாக்கியம் மட்டும்தான்.

1990 மே மாதம் ஒரு பூனைக்கு இதே போன்ற நோய் கண்டதும் நாடு கலங்கியது. வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்கள் முன்னால் தன் சின்ன மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை ஊட்டப் பார்த்தார். 1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டாரல் நாடாளுமன்றத்தில் எழுந்து, பத்துப் பேருக்கு வந்துள்ள புதுவகை மூளை நோய்க்கு இந்த மாட்டு நோயே காரணமாக இருக்கக்கூடும் என்று அறிவித்தார். பிரிட்டனில் அந்நோய்க்கு இதுவரை பலியானவர்கள் 178 பேர்.

இந்த விவகாரம் பற்றி பிலிப்ஸ் பிரபு தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2000ஆம் ஆண்டில் 16 தொகுதிகளாக வெளிவந்தது. அரசு பொய் சொல்லவில்லை, மக்கள் பதறிவிடுவார்களே என்ற கவலைதான் அதை ஆட்டிவைத்தது என்று அது முடிவுகட்டியது. எனக்கு இது பொய்யைவிட உறுத்துகிறது. மக்கள் அறிவியலை நம்பவில்லை என்று வருந்துகிறோமே, இங்கே முதலில் நம்பாதவர் யார்? அரசல்லவா மக்களை நம்பவில்லை! மழை பொய்க்கலாம் என்று தெரிந்தேதான் விவசாயி விதைக்கிறார். "வாய்ப்பு குறைவு, ஆனால் உறுதியில்லை" என்பது புரியாத அளவுக்கு யாரும் குழந்தையில்லை.

இதன் வட்டியை வேறொரு துறை கட்டியது. 1998இல் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் லான்செட் மருத்துவ இதழில், வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை முதலியவற்றைத் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டார். பாதுகாப்பானதுதான் என்றது அரசு. இம்முறை அது சொன்னது சரி. அந்தக் கட்டுரையையே இதழ் 2010இல் விலக்கிக்கொண்டது. ஆனால் மாட்டிறைச்சி விஷயத்திலும் இதே உறுதியைக் கேட்டிருந்த பெற்றோர் தயங்கினார்கள். பழி முழுவதையும் பி.எஸ்.இ.மேல் போடமாட்டேன், செய்தித்தாள்களுக்கும் பெரிய பங்குண்டு. இங்கிலாந்தில் 92 விழுக்காடாக இருந்த, அந்தத் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் விகிதம் 2003-04இல் 80க்கு இறங்கியது. தட்டம்மை திரும்பி வந்தது.