சாரலும் செல்போனும்

ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்தில் கூட்டம் நெரியும். எண்ணெய் தேய்த்த கையிலும் ஒரு செல்போன். ஐந்தருவியில் நனைந்த போன் மறுநாள் தென்காசிக் கடைக்கு வரும்: “தண்ணி போயிட்டுண்ணே, பேசாம புதுசே வாங்கிரலாமா?”

“ஐபி68 போட்ட போனாச்சே!” என்பார்கள். ஐபி68 என்ற நீர்த்தடுப்புத் தரத்துக்கான சோதனை, ஆய்வகத்தில் அசையாத நல்ல தண்ணீரில் முக்கிப் பார்ப்பது. பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் மோதிச் சிதறும் பேரருவி அந்தக் கணக்கில் வராது. பீய்ச்சும் தண்ணீரைத் தாங்குமா என்பதற்கு எண்ணே வேறு, 5, 6 என்று. போதாததற்கு, போன் பழசாக ஆக உள்ளிருக்கும் ரப்பர் அடைப்பும் தளரும். தண்ணீர் புகுந்து கெட்டால் பொதுவாக வாரண்டியும் கிடையாது. ஆக, அருவிக்காகப் புதுப் போன் வாங்குவது வீண் செலவு.

சார்ஜ் நிற்கவில்லையா? பேட்டரியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஐபோன் 14 வரை 500 முழு சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு என்பதே ஆப்பிளின் கணக்கு. 15-இல் அது 1,000 ஆனது.

பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனால்தான் புதுப் போனைப் பற்றி யோசிக்க வேண்டும், அதுவும் வங்கிச் செயலி வைத்திருப்பவர்கள். 2023 அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழுள்ள போன்களை வாட்ஸ்அப் கைவிட்டது. 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கோ 7 ஆண்டு அப்டேட் உறுதி. கடையில் கேமராவைப் பற்றி நிறையச் சொல்வார்கள். எத்தனை ஆண்டு அப்டேட் என்ற கணக்கை நாமேதான் கேட்க வேண்டும்.