படிப்பதா? பூஜிப்பதா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



சமீபத்தில் நாம் படித்த சில புத்தகங்களைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லவேண்டுமென்று இந்த வாசகசாலைத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாம் பண்டிதரல்ல. பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்கார்ந்தவருமல்ல. கைக்குக் கிடைத்ததைப் படித்து, மனதில் பட்டதைச் சொல்லும் வழக்கமுடையோம். அவ்வளவுதான் நமது யோக்கியதை.

நமது நாட்டில் புத்தகத்திற்கு மரியாதை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. கால் பட்டுவிட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிறோம். சரஸ்வதி பூஜை வந்துவிட்டாலோ சந்தனம் என்ன, குங்குமம் என்ன, பொரி கடலை என்ன! ஆனால் அன்றைக்கு ஒரு பையன் அந்தப் புத்தகத்தை எடுத்து நாலு வரி படித்துவிட்டால் “தொடாதே, தோஷம்” என்கிறார்கள். புத்தகத்திற்குப் பூஜை நடக்கும் நாள்தான் புத்தகத்தைப் படிக்கக் கூடாத நாள்! உலகத்தில் வேறெங்காவது இப்படிப்பட்ட விசித்திரம் உண்டா?

ஆகவே, எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நாம் முதலில் பார்ப்பது ஒன்றுதான். இது நம்மைக் கேள்வி கேட்க விடுகிறதா, அல்லது கும்பிடச் சொல்லுகிறதா? யார் எழுதியது, எந்த ஜாதி, எந்த மதம் என்பதெல்லாம் அதற்கப்புறந்தான்.

முதலில் ஒரு கதைப் புத்தகம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்கள் எழுதி 1879-இல் வெளியான “பிரதாப முதலியார் சரித்திரம்.” தமிழில் முதல் நாவல் என்று சொல்லப்படுவது. அவர் முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். பெண் கல்விக்காகவே தனியாக நூல் எழுதியவர். இந்தக் கதையில் ஞானாம்பாள் என்ற பெண், காணாமற்போன புருஷனைத் தேடி ஆண் வேடத்தில் போகிறாள். ஒரு ஊரில் பட்டத்து யானை அவளுக்கு மாலை போட, அவள் ராஜாவாகி ஒழுங்காக நாட்டை ஆளுகிறாள். பெண்ணுக்கு ஆளும் அறிவு உண்டென்று அந்தக் காலத்திலேயே எழுதியதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் நமக்கு ஒரு சந்தேகம்: அவள் சேலை கட்டிக்கொண்டு போயிருந்தால் அந்த மாலை விழுந்திருக்குமா? அறிவு அதே அறிவு, வேஷந்தானே வேறு? மேலும், யார் ஆளவேண்டுமென்பதை மனிதர்களை விட்டுவிட்டு யானையிடம் கேட்பானேன்? தாய்மார்கள் அவசியம் படிக்கவேண்டும். இந்தக் கேள்விகளோடு படிக்கவேண்டும்.

அடுத்தது, உ. வே. சாமிநாதய்யர் அவர்களின் “என் சரித்திரம்.” 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வந்து, 1950-இல் புத்தகமானது. “பார்ப்பனர் எழுதியதை நீங்கள் படிப்பானேன்?” என்று ஒரு தோழர் கேட்டார். படிக்காமல் எதை ஒப்புக்கொள்ளுவது, எதைத் தள்ளுவது? கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராக அமர்ந்த 1880-ஆம் வருஷம், சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப், அவர் என்னென்ன படித்திருக்கிறார் என்று விசாரிக்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்ற கேள்வி வந்தது; இல்லை. ஏன் இல்லை? அது ஜைன நூல். சைவர்கள் படிக்கும் படிப்பில் அதற்கு இடமே கிடையாது. அதற்குப் பிறகு அவர் கும்பகோணத்திலிருந்த ஜைனர்களின் வீடு தேடிப் போய் அர்த்தம் கேட்டுக் கற்று, 1887-இல் அந்நூலை அச்சிட்டார். தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று எழுதியிருக்கிறாரே, அந்த யோக்கியப் பொறுப்பை நாம் மதிக்கிறோம்.

அதே புத்தகத்தில் இன்னொரு சங்கதி. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைத் தேடிப் போகிறார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பிலிட வேண்டுமென்று ஆகமம் சொல்லுகிறபடி செய்துவிட்டதாகப் பதில் வருகிறது. தோழர்களே! தமிழைக் கொளுத்தியவன் அன்னியனல்ல, நாஸ்திகனுமல்ல. சாஸ்திரத்தை நம்பிய பக்தன்! ஒரு வரி படித்துப் பார்க்காமல், நெய்யும் செலவழித்து, புண்ணியமென்று நினைத்து எரித்தான். எத்தனை நூல் அப்படிப் போயிற்றோ, யார் கண்டது? இவ்வளவையும் சொல்லும் அய்யர் அவர்கள், ஜாதி ஆசாரங்களை மட்டும் நடந்தபடியே சொல்லிக்கொண்டு போகிறாரே தவிர, ஏன் என்று கேட்பதில்லை. அது அந்தப் புத்தகத்தின் குறை.

நிற்க, ஒரு விஞ்ஞான நூல். சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றியது. பயப்படாதீர்கள்! புறா வளர்ப்பில்தான் அந்தப் புத்தகம் ஆரம்பமாகிறது. வேண்டிய குணமுள்ள புறாவைப் பொறுக்கிச் சேர்த்து வளர்த்தால் சில தலைமுறையில் புது வகை உண்டாவதைக் காட்டுகிறார். நல்ல காளையைத் தேடிப் பசுவை ஓட்டிக்கொண்டு போகும் நமது குடியானவருக்கு இது புரியாதா? நம்மை அதிகம் கவர்ந்தது ஆறாம் அத்தியாயம். தமது கொள்கைக்கு என்னென்ன ஆட்சேபணை வரக்கூடுமென்று அவரே எழுதிப் பதில் தேடுகிறார். குணம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் விதி தெரியவில்லையென்றும் ஒப்புக்கொள்ளுகிறார். அதை 1866-இல் எழுதி வைத்தவர் மெண்டல் என்ற கிறிஸ்தவ மடத்துத் துறவி. 1900-இல் தான் உலகம் கவனித்தது. இப்படித் தன் குறையைத் தானே சொல்லும் வேதம், புராணம் ஏதாவது உண்டா?

கடைசியாக, பேசப்படாத ஒரு பேச்சு. ஜாதி ஒழிப்பைப் பற்றி டாக்டர் அம்பேத்கர் 1936-இல் எழுதியது. லாகூரில் ஜாதியை ஒழிக்கவென்று ஏற்பட்ட ஒரு சங்கத்தார் அவரைத் தலைமை வகிக்க அழைத்தார்கள். எழுதியதைப் பார்த்ததும், வேதத்தைத் தொட்ட இடங்களை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் மறுத்தார், மகாநாடே நின்றது. அவர் தம் செலவில் 1500 பிரதி அச்சிட்டார். இரண்டு மாதத்தில் தீர்ந்தது. கலப்பு மணமும் சமபந்தியும் வேண்டியதுதான், ஆனால் ஜாதிக்கு ஆதாரமான சாஸ்திரத்தில் நம்பிக்கை போகாமல் ஜாதி போகாது என்பது அவர் வாதம். காந்தியார் தமது பத்திரிகையில் அதைக் கண்டித்து எழுதினார். ஆனால் எட்டணா விலையைக் குறைக்கவேண்டும் என்றும் எழுதினார். அம்பேத்கர் என்ன செய்தார்? 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியாரின் கண்டனத்தையும் அச்சிட்டு, தமது பதிலையும் அச்சிட்டார். எதிரியின் வாதத்தைத் தன் புத்தகத்திலேயே போடுகிறவனுக்குத்தான் தன் வாதத்தில் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

தோழர்களே! இந்த அளவுகோல் நமது புத்தகங்களுக்கும் உண்டு. நமது தலைவர்களின் படத்திற்கு மாலை போட்டு, அவர்கள் நூலைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்தால் அதுவும் சரஸ்வதி பூஜைதான். பாராயணம் ராமாயணமானாலென்ன, பகுத்தறிவானாலென்ன? இரண்டிலும் மூளைக்கு வேலையில்லை. நமது புத்தகத்தில் தப்பிருந்தால் அதைக் கண்டுபிடிக்கிறவன் நமது பையனாக இருக்கட்டும்.

காசில்லை என்பீர்கள். 1948-இலேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் வீட்டு வரியோடு நூலகத்திற்கும் பணம் போகிறது. கொடுத்த காசுக்காவது உள்ளே போய்ப் படியுங்கள். வீட்டுப் பெண்களையும் கூட அனுப்புங்கள். இந்த வாசகசாலையில் புத்தகங்கள் புதிதாகவே இருந்தால் அது நமக்குப் பெருமையல்ல, அட்டை கிழிந்து, ஓரத்தில் “ஏன்?” என்று பென்சிலால் எழுதப்பட்டிருந்தால் அதுவே பெருமை. அடுத்த ஆண்டு விழாவில் நமக்குப் பதிலாக உங்களில் ஒரு தாய்மார் இந்த மேடையில் ஏறி, நாம் இன்று சொன்னதில் எது தவறு என்று காரணத்தோடு பேசுவாரானால், இந்த வாசகசாலை வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்ளுவோம்.