மொறிஸ் மைனரும் காத்திருந்த காலமும்

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் 'ஓய்வு நேரமும் நாமும்' என்ற பொருளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. ஊரில் ஏ.எல். வரைக்கும் படித்தேன். இங்கே டண்டினோங் தெற்கில் ஒரு தொழிற்சாலையில் பின்னேர வேலை. செயலாளர் அண்ணை தொலைபேசி எடுத்து, "தம்பி, உன்ர பழைய காரைப் பற்றி ஒரு பதினைஞ்சு நிமிசம் பேசு" என்று கேட்டார். "அண்ணை, எனக்கு இப்ப அந்தக் காரில விருப்பமே இல்லை" என்றேன். "அப்ப அதையே வந்து பேசு" என்று சொல்லிப்போட்டார். ஆகவே, ஒரு காலத்தில் உயிராய் இருந்த ஒரு பொழுதுபோக்கு, நாற்பது வயது கிட்டக்கிட்ட ஏன் விட்டுப்போகிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். கார் பிடிக்காதவர்கள் எழும்பிப் போகவேண்டாம். இது காரைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல.

பழைய கார் என்றால் யாழ்ப்பாணத்தாருக்குப் புதினம் இல்லை. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் என்று 1950களில் வந்த கார்கள் எங்கட தெருக்களில் ஐம்பது, அறுபது வருடம் ஓடின. கலியாணத்துக்கும் அந்தக் கார்தான், ஆசுப்பத்திரிக்கும் அந்தக் கார்தான். வெளிநாட்டுக்காரர் அதைப் படம் பிடித்து, "யாழ்ப்பாணத்தாருக்குப் பழைய காரில் எவ்வளவு பற்று" என்று எழுதினார்கள். பற்று இருந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் தேவை. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. புதுக் கார் வர வழியே இல்லை. இருந்த காரை ஓட்டத்தான் வேணும்.

என்னுடைய பெரியப்பா ஒரு சின்ன கராஜ் வைத்திருந்தார். ஒரு ஏ 40 காரை ஹயருக்கும் ஓட்டினார். அது மண்ணெண்ணெயில் ஓடினது. இங்கே பிறந்த பிள்ளைகள் இதை நம்பமாட்டினம். அந்தக் காலத்து இஞ்சின்களில் அமுக்கம் குறைவு. அதனால், இஞ்சின் நன்றாகச் சூடேறிவிட்டால் மண்ணெண்ணெயிலும் எரியும். குளிர்ந்த இஞ்சின் எரியாது. அதுக்காகச் சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோலைப் பொன் மாதிரி வைத்திருந்து, காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி பலம் குறைந்து ஸ்ராட்டர் சுற்றாவிட்டால் முன்னுக்கு ஹாண்டிலைப் போட்டுக் கையாலே சுற்றலாம். புகை சொல்லி வேலையில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்கி இஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிப்போடும். அதை மாற்ற ஒயிலும் இல்லை. ஆனபடியால் ஒவ்வொரு சத்தத்தையும் காதாலே கேட்டு, வருத்தம் இன்னது என்று கண்டுபிடிக்கிற ஆட்கள் எங்கட ஊரில் உருவானார்கள். பெரியப்பா அவர்களில் ஒருவர்.

1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது எனக்கு எட்டு வயது. நாவற்குழிப் பாலத்தால் சனம் தென்மராட்சிக்குப் போன அந்த நாளை உங்களில் பலர் நடந்து கடந்திருப்பீர்கள். பெரியப்பாவின் காரில் எங்கட ஆச்சியையும், நடக்கேலாத அயலட்டைச் சனத்தையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்தக் காரில் பிடிப்பு வந்தது அங்கேதான். ஏ.எல். முடித்த பிறகு சில வருடம் அவருடைய கராஜிலேயே வேலை பழகினேன்.

2009 இல் யுத்தம் முடிந்து ஏ9 பாதை திறந்தது. ஓட்டோ வந்தது, வான் வந்தது, தவணைப் பணத்துக்கு மோட்டார்சைக்கிள் வந்தது. தெற்கில் இருந்து பழைய கார் சேர்க்கிறவர்கள் வந்து வீடு வீடாய் விலை கேட்டார்கள். பெரியப்பாவும் காரைக் கொடுத்தார். நான் தாங்காமல் "என்ன பெரியப்பா, இதைப்போய் விக்கிறியளே?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, அது எங்களைக் காப்பாத்தினது. இனி எங்களுக்கு அது தேவையில்லை. மழையில நிண்டு கறள் பிடிக்கிறதைவிட, ஆரும் ஆசையா வைச்சிருக்கட்டும்." அவர் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அந்தக் காசில் வீட்டுக்கூரை திருத்தினார்.

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன். 2012 கடைசியில் நான் படகில் கிறிஸ்மஸ் தீவுக்கு வந்து சேர்ந்தேன். வெளிக்கிடும்போது மகளுக்கு எட்டு மாதம். அதற்குப் பிறகு நடந்தது இங்கே இருக்கிற பாதிப்பேரின் கதை. பிறிட்ஜிங் விசா, வேலை செய்ய அனுமதி இல்லை. பிறகு அனுமதி கிடைத்தது. 2014 மார்கழியில் வந்த புதுச் சட்டத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு மூன்று வருட, ஐந்து வருடத் தற்காலிக விசாக்கள் மட்டுமே. அந்த விசாவில் மனிசி பிள்ளையைக் கூப்பிட முடியாது. வேலைக்குப் போய்வந்து, சமைச்சு, சாப்பிட்டு, தொலைபேசியில் பேசி முடிந்த பிறகும் ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் மிஞ்சியிருக்கும் என்று தனிய இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நேரத்தில், 2016 இல், ஒரு பண்ணைக் கொட்டிலில் கிடந்த 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றை நானும் என்னோடு வீட்டில் இருந்த நண்பரும் இழுத்துக்கொண்டு வந்தோம். ஓடாது. இருக்கைக்குள் எலிக்கூடு. தரைத்தகடு அப்பளம்.

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948 இல் பிரித்தானியாவில் வெளிவந்தது. அதே 1948 கார்த்திகையில்தான் அவுஸ்திரேலியாவின் முதல் ஹோல்டன் காரும் மெல்பேணில் வெளிவந்தது. 1960 கடைசியில் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் இந்த மைனர்தான். இங்கே சிட்னி செற்லண்டில் இருந்த தொழிற்சாலையில் இதைப் பொருத்தி விற்றார்கள். என்னுடையதில் இருந்தது 948 சீசீ இஞ்சின். மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எல்லாத்துக்கும் கை போகும். கணினி இல்லை, சிக்கலான வயர்க்கட்டும் இல்லை. வால்வு இடைவெளி ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. அந்த அளவுக்கு ஒரு மெல்லிய தகடு, ஒரு ஸ்பனர், ஒரு ஸ்குறூ டிறைவர், இவ்வளவும் போதும்.

ஏழு வருடம் அதோடு கிடந்தேன். ஒட்டு வேலை பழகினேன். எஸ்.யூ. காபரேற்றரை மேசையில் கழற்றிப் பூட்டினேன். முன் சில்லைத் தாங்குகிற மூட்டுக்கு 1000 மைலுக்கு ஒருக்கால் கிறீஸ் அடிக்காவிட்டால் அது தேய்ந்து, ஒரு நாள் சில்லு மடிந்து கார் முழங்காலில் விழும் என்று அறிந்தேன். விக்டோரியாவில் 25 வருடத்துக்கு மேற்பட்ட வாகனத்தை, ஒரு கழகத்தில் சேர்ந்து, வருடத்தில் 45 நாளோ 90 நாளோ கொப்பியில் பதிந்து ஓட்டலாம். அப்படி ஒரு கழகத்தில் சேர்ந்தேன். அங்கே எழுபது வயது அவுஸ்திரேலியர்களோடு தேநீர் குடித்துக்கொண்டு ஆங்கிலம் பழகினேன். அதில் ஒருவர் டண்டினோங் ஹோல்டன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1956 இல் தொடங்கின அந்தத் தொழிற்சாலைக்கென்றே ஒரு புகையிரத நிலையம் இருந்ததாம். தொழிற்சாலை 1990களின் தொடக்கத்தில் மூடினது, நிலையத்தையும் 2002 இல் மூடினார்கள். கடைசியாக 2017 இல் ஹோல்டன், ரொயோட்டா இரண்டும் இந்த நாட்டில் கார் செய்வதையே நிறுத்தின. "நாங்கள் செய்த காரைத்தான் இப்ப நாங்களே மினுக்கிக்கொண்டு இருக்கிறம்" என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

மகளுக்கு நான் தொலைபேசியில் காட்டினதெல்லாம் அந்தக் கார்தான். "அப்பா, இண்டைக்கு என்ன பூட்டினீங்கள்?" என்று கேட்பாள். நான் முதல்தரம் இஞ்சினை ஓடவிட்டபோது யாழ்ப்பாணத்தில் இருந்து அவள் கை தட்டினாள். இதைவிட எனக்கு அவளுக்குச் சொல்ல வேறு என்ன இருந்தது? விசா எப்ப வரும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிறேக் எப்ப சரிவரும் என்ற கேள்விக்குப் பதில் இருந்தது.

2023 மாசியில் அரசாங்கம் தற்காலிக விசாக்காரர் ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. எனக்கும் கிடைத்தது. 2025 இல் மனிசியும் மகளும் மெல்பேண் வந்து இறங்கினார்கள்.

இதில் புதினம் என்னவென்றால், விசாக் கடிதம் வந்த அந்தக் கிழமையே எனக்குக் காரில் இருந்த பிடிப்புத் தளர்ந்துவிட்டது. முதலில் களைப்பு என்று நினைத்தேன். பத்து மணித்தியாலம் கொங்கிறீற் தரையில் நின்றுவிட்டு வந்து, ஆடி மாதக் குளிரில் நிலத்தில் மல்லாக்கப் படுத்து வேலை செய்ய முப்பது வயதில் உடம்பு கேட்டது, முப்பத்தெட்டில் கேட்கவில்லை. படிக்க இருந்ததெல்லாம் படித்து முடிந்து, கறளோடு சண்டை மட்டும் மிஞ்சினதும் ஒரு காரணம். ஒரு பக்கம் ஒட்ட மறுபக்கம் கறள் பூக்கும். ஆனால் உண்மைக் காரணம் இவை இரண்டும் இல்லை. அந்தக் கார் என்னுடைய காத்திருப்புக்குத் துணை. காத்திருப்பு முடிந்தது, துணையின் வேலையும் முடிந்தது. ஊரில் தடை முடிந்ததும் ஏ 40 ஓய்ந்த மாதிரித்தான். பெரியப்பா சொன்னது எனக்கு இப்பதான் முழுக்க விளங்கினது.

சனம் சும்மா இருக்குமா? "மனிசி வந்து நிப்பாட்டிப்போட்டாவோ?" என்று பகிடியாய்க் கேட்டார்கள். அது அவவுக்குச் சுட்டது. "நான் வந்துதான் நீங்கள் விட்டனியள் எண்டு ஆரும் சொல்லப்படாது. காரை வைச்சிருங்கோ" என்று சொன்னா. நான் சொன்னேன், "நீர் வராத காலத்துக்குத்தான் அது. வந்தாப்பிறகு எனக்கு ஏன்?" அதன்பிறகு அவ ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு ஒரு வாளித் தண்ணியோடு வந்து என்னோடு சேர்ந்து காரைக் கழுவினா. மகளும் துடைத்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, "போனில பெரிசாத் தெரிஞ்சது" என்றாள்.

இங்கே ஒரு தொழில் விசயம் சொல்லவேணும். விருப்பம் போன பிறகு வாகனத்தை மூடிக்கட்டிப் "பிறகு பார்ப்பம்" என்று விடுவதுதான் அதைக் கொல்லுகிற வழி. தாங்கியில் நிற்கிற பெற்றோல் மாதக்கணக்கில் பழுதாகிக் காபரேற்றரை அடைக்கும். பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சி, சிலிண்டர் உள்ளுக்குக் கறள் பிடித்து இறுகும். பற்றரி சாகும், ரயர் ஒரு பக்கம் தட்டையாகும். ஓடுகிற காரை வாங்க ஆள் வரும். ஓடாத காரை இரும்புக்காரன்தான் கேட்பான். ஆகவே ஓடும்போதே கொடுக்கவேணும்.

நானும் அப்படியே கொடுத்தேன். வாங்கினது நாட்டுப்புறத்தில் இருந்து வந்த, மெக்கானிக் வேலை பழகுகிற ஒரு இருபது வயதுப் பொடியன். அதிக விலை சொன்னவர் வேறு ஒருவர் இருந்தார். ஆனால் இந்தப் பொடியன் காரைச் சுற்றிப் பார்க்க முதல், நிலத்தில் படுத்து அடிப்பக்கம் பார்த்தான். அது எனக்குப் போதும். மிச்சச் சாமான் பெட்டியையும், நான் தமிழில் குறிப்பெழுதின கொப்பியையும் கொடுத்தேன். முன் சில்லுக்குக் கிறீஸ் அடிக்கிற இடத்தை மட்டும் இரண்டுதரம் காட்டினேன். வந்த காசில் மனிசி கார் ஓடப் பழகினா. மிச்சத்தில் ஒரு பழைய ரொயோட்டா வாங்கினோம். அது அலுப்புத் தராத கார். அதில் எனக்கு வேலையே இல்லை.

அன்பானவர்களே, இந்த மண்டபத்தில் இருக்கிற எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்துதான் காத்திருந்தீர்கள். ஒருவர் பின்வளவில் கத்தரியும் முருங்கையும் வைத்தார். ஒருவர் கிரிக்கெட் விளையாடினார். ஒருவர் மிருதங்கம் திரும்பத் தட்டப் பழகினார். இன்று அதில் மனம் ஒட்டவில்லை என்றால், வயது போய்விட்டது என்றோ, நன்றி கெட்டுப்போனோம் என்றோ மனம் குழம்பவேண்டாம். அது தன் வேலையைச் செய்து முடித்திருக்கலாம். நல்லபடியாகக் கைமாற்றி விடுங்கள்.

அதேநேரம் 2023 அறிவிப்பு எல்லோருக்கும் பொருந்தவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு இன்னும் காத்திருக்கிற சகோதரர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாள்முழுக்கப் பூக்கன்றோடும் பழைய வானொலிப் பெட்டியோடும் கிடந்தால் தயவுசெய்து பகிடி பண்ணாதீர்கள். அந்த மனிசன் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

கடைசியாக ஒன்று. காரில் விருப்பம் போனது, கைவேலை போகவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில் நிற்பேன். புதிதாக வந்தவர்கள், படிக்கிற பிள்ளைகள், முக்கியமாகக் கார் ஓடுகிற அக்காமார் வாருங்கள். ஒயில் பார்ப்பது, ரயர் மாற்றுவது, பிறேக் தேய்ந்த சத்தத்தைக் கண்டுபிடிப்பது, பழைய கார் வாங்கும்போது எங்கே கறள் பார்ப்பது என்று காட்டித் தருவேன். காசு வேண்டாம். பழைய உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.