அடி இலையா, குருத்தா?

தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்களிடம் 'ரேடியோ நெல்' என்று சொல்லிப் பாருங்கள், ஆடுதுறை 27 என்பார்கள். 1960களில் திருச்சி வானொலி அந்தக் குறுகிய கால ரகத்தைப் பற்றி விடாமல் பேசியது. கேட்டவர்கள் விதைத்தார்கள். நெல்லுக்கே ரேடியோவின் பேர் ஒட்டிக்கொண்டது. அன்று காது கொடுத்தால் போதும். இணையமோ நாம் கேட்டால்தான் வாய் திறக்கும். என்ன கேட்பது என்று தெரிய வேண்டுமே!

"படிக்காத சனம், அதான் செல்லைத் தொடமாட்டேங்குது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இன்று வாயால் தமிழில் சொன்னாலே செல் தேடித் தருகிறது. குறை எழுத்தில் இல்லை.

"நெல்லு மஞ்சளடிக்குது" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். தழைச்சத்து, இரும்பு, துத்தநாகம், நோய், பூச்சி என்று பதில்கள் வந்து குவியும். வயலில் இறங்கி, மஞ்சள் அடி இலையிலா குருத்திலா என்று பார்த்தவருக்குப் பாதி விடை கையிலேயே இருக்கிறது. அடி இலை வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. குருத்து வெளுத்தால் இரும்பைச் சந்தேகிக்கலாம். அவர் கேள்வி கூர்மையாகிறது, பதில் பயன்படுகிறது, மறுமுறையும் செல்லை எடுக்கிறார். மற்றவர் குழம்பிப்போய் மருந்துக்கடைக்கு நடக்கிறார். அங்கே ஒரே பதில்தான், பாட்டிலோடு சேர்த்து!

2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்ததே, அதுவும் இந்தக் கதைதான். தண்டுத்துளைப்பானைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் இது வேறு புழு என்று உறைக்கும். தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. இதைக் கவனித்தவரால்தான் செல்லில் வரும் படத்தோடு ஒத்துப்பார்க்க முடியும்.

வயலில் மட்டுமல்ல, கடலிலும் இப்படித்தான். புதுச்சேரி வட்டாரத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராமங்களில் தகவல் மையங்கள் அமைத்தது. மீனவர் கிராமமான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலறிந்தவர்களுக்கு அந்த எண்ணை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அறிவு சிலரை இணையத்திலிருந்து விலக்கவும் செய்யும். வாய்க்காலின் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் எப்போது எட்டும் என்று தெரியும். ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லும் நடவுத் தேதி அவருக்கு உதவாது. "இது நம்ம காட்டுக்கு ஆகாதுங்க" என்று தள்ளிவிடுகிறார். இதை அறியாமைக் கணக்கில் எழுதுவது அநியாயம். குறை சொல்கிறவர்கள் முதலில் அவர் வயலுக்குத் தோதான தகவலைக் கொடுக்கட்டும்.

பயிற்சி என்று கூப்பிட்டு, மண்டபத்தில் உட்காரவைத்து அரசின் 'உழவன்' செயலியை இறக்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. வரப்பில் நின்று இலையைப் புரட்டிப் பார்த்த பிறகு செல்லைத் திறக்கச் சொல்லுங்கள். இலையைத் தினமும் கிட்டத்தில் பார்ப்பது நாற்று நட்டு, களை பறிக்கும் பெண்கள். செல்போனோ பெரும்பாலும் வீட்டு ஆண்களின் சட்டைப் பையில். அடுத்த பயிற்சிக்குப் பட்டியல் எழுதும் அதிகாரிகள் அந்தப் பெண்களின் பேரை முதலில் எழுதட்டும்.