‘மர்ம நபர்கள்’ என்று யாருமில்லை

(மாணவர் கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



குண்டு வெடித்த மறுநாள் பத்திரிகைகள் ‘மர்ம நபர்கள்’ என்று எழுதும். அந்த மர்மம் யாருக்கு வசதி என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம் நகரம். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை 10.22 மணி. பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்த டைனமைட் வெடித்தது. கறுப்பினச் சிறுமிகள் நான்கு பேர் செத்துப்போனார்கள். அடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நேருக்கு 11. அந்த வருஷம் மே மாதம் நிறவெறியை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலமாகக் கிளம்பியது இந்தக் கோயிலிலிருந்துதான். அதனால்தான் குண்டும் இங்கே வந்தது.

யார் வச்சாங்க என்பது மர்மமா? இல்லை. கு க்ளக்ஸ் க்ளான் ஆட்களான ராபர்ட் சாம்பிளிஸ், தாமஸ் பிளாண்டன், பாபி ஃபிராங்க் செர்ரி, ஹெர்மன் கேஷ் நால்வரும்தான் என்று எஃப்.பி.ஐ. 1965லேயே முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் தலைவர் எட்கர் ஹூவர் வழக்குக்குச் சம்மதிக்கலை. தண்டனை கிடைக்க வாய்ப்பில்லை என்று காரணம் சொன்னார். 1968ல் கோப்பையே மூடிட்டாங்க.

1971ல் மாநிலத் தலைமை வழக்கறிஞரான பில் பாக்ஸ்லி அதைத் திரும்பத் திறந்தார். உறவுக்காரப் பெண்ணே சாட்சி சொல்ல, 1977ல் சாம்பிளிசுக்கு ஆயுள் தண்டனை. அப்போதும் எஃப்.பி.ஐ. தன்னிடமிருந்த ரகசிய ஒலிநாடாக்களை பாக்ஸ்லிக்குக் கொடுக்கவில்லை. வழக்கே வராமல் 1994ல் கேஷ் செத்துப்போனான். பிளாண்டனுக்கு 2001லும் செர்ரிக்கு 2002லும்தான் தண்டனை கிடைத்தது. சிறுமிகளைப் பெத்தவங்க கிட்டத்தட்ட நாற்பது வருஷம் காத்துக் கிடந்தாங்க.

குண்டு வெடித்த மறுநாளே சார்லஸ் மார்கன் என்ற வெள்ளை வழக்கறிஞர், நாம் எல்லோரும்தான் இதைச் செய்தோம் என்று தன் இனத்தாரிடம் பேசினார். மிரட்டல் தாங்காமல் ஊரைவிட்டே போகவேண்டி வந்தது. நேர்மையான பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் குற்றவாளி என்று நிறுத்திக்கொண்டால் யாரும் குற்றவாளி இல்லை என்று ஆகிவிடும் ஆபத்து இருக்கு. குண்டு வைத்தவன் குற்றம் வேறு, தெரிந்தும் மறைத்த அதிகாரியின் குற்றம் வேறு, வேடிக்கை பார்த்த சமூகத்தின் குற்றம் வேறு. மூன்றையும் தனித்தனியாக நிறுவணும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தப்பவிடக்கூடாது.

உண்மை அறியும் குழுக்களில் போகிற தோழர்கள் கவனிங்க. செய்தவன் பேரை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். யாருக்கு எப்போது தெரியும், அவர் என்ன செய்தார் என்று தேதியோடு எழுதிக்கொண்டு வாருங்கள். கோப்பை மூடியவனுக்கும் பேர் உண்டு.