மறுகாலும் வரத்துக்காலும்

(முதுகுளத்தூரில் நடைபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஏழாம் வகுப்பில் 'எங்கள் ஊர்க் கண்மாய்' என்று வரைபடம் வரையச் சொன்னேன். ஒரு மாணவன் தன் ஊர்க் கண்மாயோடு மேலூர்க் கண்மாயையும் சேர்த்து வரைந்திருந்தான். "உங்க ஊரை மட்டும்தானே கேட்டேன்?" என்று இரண்டு மதிப்பெண் குறைத்தேன். "சார், அங்க மறுகால் போனாத்தான் எங்களுக்குத் தண்ணி. அதை வரையாம எப்படி சார்?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

குண்டாறும் ரெகுநாத காவிரியும் நமக்குத் தெரியும். ஆற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கண்மாய் கண்மாயாக நிறைந்து இறங்குகின்றன. ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்துக்கால். ஆனால் நாம் திட்டமிடுவதும் பாடம் நடத்துவதும் வருவாய்க் கிராம எல்லையோடு நின்றுவிடுகின்றன.

இதே அமைப்பு கடலுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது. இலங்கையின் உலர் வலயத்தில், அனுராதபுரம் பகுதியில், தொடர் தொடராகச் சிறு குளங்கள். சிங்களத்தில் 'எல்லங்காவ' என்பார்கள். அங்கும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் பிழைப்பு. 1985இல் மத்தும பண்டார என்ற புவியியல் பேராசிரியர் இவற்றைத் தனித்தனிக் குளங்களாகப் பார்க்கக் கூடாது, ஒரே தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1984இல், பன்னாட்டுப் பாசன ஆய்வு நிறுவனம் ஒன்று இலங்கையில் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம்; தலைமையிடம் கொழும்பு. 1990களில் அங்கே இலங்கை மண்ணியல் அறிஞர் பானபொக்கவோடு சேர்ந்து குளத்தொடர்களை ஆராய்ந்தவர், சென்னையில் நீர்வளப் பேராசிரியராக இருந்த சக்திவடிவேல். பின்னர் தமிழ்நாட்டுக் கண்மாய்களைப் பற்றியும் அவர் எழுதினார். நம்மூர் அறிவு அங்கே போனது. அங்கே கண்டது இங்கே வந்தது.

அவர்கள் வலியுறுத்தியது எளிய செய்தி. ஒரு குளத்தின் கரையை உயர்த்துமுன் தொடர் முழுவதிலும் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள். மேற்குளத்தின் கொள்ளளவைக் கூட்டினால் கீழ்க்குளம் நிறையாமல் போகலாம். அங்கே குளத்தின் மேல்விளிம்பில் மரக்கூட்டம் உண்டு. காற்றைத் தடுத்து, ஆவியாகும் நீரைக் குறைக்கும். கரைக்கும் வயலுக்கும் இடையே செடிகொடி வளர்ந்த ஒரு பட்டை உண்டு. கசிவு நீரின் உப்பு வயலுக்குப் போகாமல் தடுக்கும். இந்தக் குளக் கிராம முறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2017இல் உலக வேளாண் மரபாக ஏற்றது.

கடல் கடந்து அறிஞர்கள் கூடிப் பேச முடிகிறது. நமக்கோ பக்கத்து ஊரோடு பேசுவதே கடினமாக இருக்கிறது. மழை குறைந்த ஓர் ஆண்டில், கலுங்கில் மணல் மூட்டை அடுக்கியதாக இரண்டு ஊர்களுக்குள் பேச்சு முற்றியது. அந்த வாரம் என் வகுப்பில், ஒரே பெஞ்சில் இருந்த பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். பெரியவர்களின் சண்டை வகுப்பறைக்குள் வந்துவிட்டது.

அதன்பிறகு ஒன்று செய்தேன். ஒவ்வோர் ஊர்ப் பிள்ளைகளும் தம் கண்மாய், மடை, கலுங்கு, வரத்துக்கால் ஆகியவற்றை ஒரு தாளில் வரைய வேண்டும். பிறகு தாள்களைத் தரையில் வைத்து, மறுகாலை வரத்துக்காலோடு பொருத்த வேண்டும். முதல் நாள் பொருந்தவில்லை. ஒருவர் வரைந்த வாய்க்கால் மற்றவர் தாளில் இல்லை. சனிக்கிழமை சேர்ந்தே போய்ப் பார்த்தோம். சீமைக் கருவேலம் மூடிக் கிடந்தது அந்த வாய்க்கால். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் நின்று அதைப் பார்த்தார்கள். ஊர்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பெஞ்சுக்குத் திரும்பினார்கள்; அது போதும்.

அந்த மாணவனுக்கு இரண்டு மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் ஐந்து தாள்கள் ஒட்டியிருக்கின்றன. ஆறாவது தாளுக்கு இடம் விட்டிருக்கிறோம். அந்த மேலூர்ப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வருவதில்லை. இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் ஒருவரின் பள்ளிக்குத்தான் வருகிறார்கள். அந்தத் தாளை வரையச் சொல்லி அனுப்பிவையுங்கள். எங்கள் மறுகால் எங்கே போகிறது என்பதை நாங்கள் வரைந்து அனுப்புகிறோம்.