குட்டி யானைக்குப் புது டயர்

நீலகிரியிலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப் வண்டிகளுக்குக் கொண்டை ஊசி வளைவுகள் புதிதல்ல. குன்னூர் பாதையில் மட்டும் பதினான்கு. அப்படி ஓடுகிற வண்டிக்கு டயர் மாற்றும் நாள் வந்தால், கடையில் முதலில் எழும் கேள்வி, "ஜோடி என்ன விலை?" அடுத்தது, மேல்பட்டையின் வார்ப்பைப் பற்றி, "பட்டன் எவ்வளவு நாள் நிக்கும்?" இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் லோடு வண்டிக்கு இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது, "இந்த டயர் எத்தனை கிலோ தாங்கும்?" அதற்கான பதில் டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கிறது.

வண்டியின் பாரத்தை உண்மையில் சுமப்பது டயருக்குள் இருக்கும் காற்று. ரப்பரும் நூலிழையும் எஃகுக் கம்பியும் அந்தக் காற்றைக் கட்டிவைக்கும் பை. பை எவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறதோ, அந்த அளவுக்கே பாரம் ஏற்றலாம். சாதாரணக் காருக்கு 30, 35 பவுண்டு காற்று போதும். 2005-இல் வந்து, தமிழ்நாட்டுத் தெருக்களில் 'குட்டி யானை' என்று பெயர் வாங்கிய டாடா ஏஸுக்கு 145 ஆர் 12 அளவில், '8 பிஆர்' என்று குறித்த டயர். அந்த ரகம் 65 பவுண்டு வரை தாங்கும். 8 பிஆர் என்றால் உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்று இப்போது பொருளில்லை. பழைய பருத்தி நூல் டயரில் எட்டு அடுக்குக்கு இருந்த வலிமை இதற்கும் உண்டு, அவ்வளவுதான்.

அளவைக் குறிக்கும் எண்களுக்குப் பக்கத்தில் 93, 100 என்று தனியாக ஓர் எண் இருக்கும். அதுதான் பாரக் குறியீடு. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ, 93 என்றால் 650, 100 என்றால் 800. பின் அச்சில் 1,300 கிலோ இறங்கும் வண்டிக்கு ஒரு டயருக்கு 650 கிலோ வருகிறது. அங்கே விலை குறைவு என்று 82 போட்ட கார் டயரை மாட்டினால், இரண்டும் சேர்ந்து தாங்குவது 950 கிலோதான். மீதி 350 கிலோ எங்கே போகும்? டயரை வளைத்து வளைத்துச் சூடாக்கும். சித்திரை வெயிலில் நாற்கரச் சாலையில் டயர் வெடிப்பதற்குத் தார் ரோட்டின் சூட்டைக் குறை சொல்வது வழக்கம். அதைவிடப் பெரிய குற்றவாளிகள் அதிக பாரமும் குறைந்த காற்றும்தான்.

அமெரிக்கா இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்தது. ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் போன்ற வண்டிகளில் பொருத்தியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களில் மேல்பட்டை உரிந்து வண்டிகள் உருண்டன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்திருந்த காற்று 26 பவுண்டு. டயர் நிறுவனமோ 30 வேண்டும் என்றது. டயரிலா, வண்டியிலா, காற்றிலா குறை என்று இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டு, ஏறக்குறைய நூறாண்டு உறவையே முறித்துக்கொண்டன. டயர்களைத் திரும்பப் பெற்ற அதே 2000-இல் அங்கே புதுச் சட்டம் வந்தது. காற்று குறைந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும் என்ற விதி பிறந்தது அந்தச் சட்டத்திலிருந்துதான்.

பட்டன் விஷயத்துக்கு வந்தால், ஓடும் பாதைதான் தீர்ப்பு. நீளவாக்கில் கோடு போட்ட ரிப் டயர் நெடுஞ்சாலைக்கு நல்லது: சத்தம் குறைவு, டீசலும் மிச்சம். தோட்டத்து மண்பாதை, செங்கல் சூளை, குவாரி என்று நுழையும் வண்டிக்குப் பின்னால் தடித்த பட்டன் வேண்டும். முரட்டுப் பட்டன் பார்க்கக் கம்பீரம் என்பதற்காகத் தார் ரோட்டிலேயே ஓடும் வண்டிக்கு அதை வாங்குவது வீண் செலவு.

கையில் இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது. முன்னால் போடுவதா, பின்னாலா? முன்னால் என்பார்கள் பெரும்பாலோர். டயர் நிறுவனங்களின் அறிவுரை நேர்மாறு: நல்ல பட்டன் உள்ளவை பின்னால். மழையில் முன் டயர் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் பிக்கப்புக்குப் பின்பக்கம் லேசு என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். இந்திய விதிப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். பட்டன் அவற்றுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது.

தேயாத டயருக்கும் வயது உண்டு. பக்கவாட்டில் 3524 என்று நான்கு இலக்கம் இருந்தால், 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு ஆண்டு தாண்டினால் மாற்றச் சொல்கின்றன பல வாகன நிறுவனங்கள். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னிதான் இதில் ஏமாற்றும்; ஓடாததால் பட்டன் புதுசாக இருக்கும், ரப்பரோ வெடித்துக் காய்ந்திருக்கும்.

பழைய உள்கூட்டின் மேல் புதுப் பட்டன் ஒட்டிய ரீட்ரெட் டயரை ஒதுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளே அதில் ஓடுகின்றன. உள்கூடு சேதமில்லாமல், நல்ல பட்டறையில் செய்ததாக இருந்தால் பின் சக்கரத்துக்குப் போடலாம். முன்னால் வேண்டாம்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் வீல் அலைன்மென்ட் பார்த்து, டயரின் வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டால், பிறகு வாரண்டி கேட்கும்போது தகராறு இருக்காது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும்.